சிவப்பு வேண்டாம், நீலம் போடுங்கள்

மண்ணுக்குள் தண்ணீரும் அதோடு சேர்ந்த நஞ்சும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணினியில் கணித்துச் சொல்வது என் வேலை. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றித்தான் கேட்பார்கள், சொன்னால் நம்பமாட்டார்கள். நீங்களும் அறிக்கை எழுதிப் பிழைப்பவரானால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

காய்ந்த மண்

ஜூரோங்கில் பழைய பெயிண்ட் பட்டறை இருந்த நிலம். பக்கத்து அடுக்குமாடி புளோக்குகளில் குடியிருப்பவர்களுக்காக அதைக் காய்கறித் தோட்டமாக்கத் திட்டம். பல வருஷம் கொட்டிய தின்னரும் எண்ணெயும் ஒரு மூலையில் ஊறிக் கிடந்தன. நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண் முழுதாக நனைந்திருக்காது. அதன் துளைகளில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. நஞ்சு அதில் மெல்ல ஊரும், பெருமழை பெய்தால் ஓடும். இதை நிலத்துக்காரர்களின் மேலாளர் சேகரனிடம் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"கை நனையவே இல்ல சார். தண்ணியே இல்லாத இடத்துல விஷம் எதுல ஏறிப் போகும், எம்ஆர்டி ரயில்லயா?"

ஒரே ஒரு எண்

நஞ்சு மற்ற பாத்திகளுக்குப் பரவ எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். மழையையும் மண்ணையும் பொறுத்து ஐந்திலிருந்து முப்பது வருஷம் என்றேன். இப்படி இழுத்துச் சொன்னால் மேலிடத்தில் ஒப்புக்கொள்ளமாட்டார்களாம்.

"சரி, முப்பதுன்னு போட்டுடுங்க. அதுவும் நீங்க சொன்னதுதானே?"

குளுகுளு

முப்பது போட மறுத்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமையோடுதான் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேகரனைச் சந்தித்தேன். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, என் வரைபடத்தில் நஞ்சு பரவியிருந்த சிவப்புப் பகுதியைத் தொட்டுக் காட்டினார். "இதப் பார்த்தா ஆளுங்க பயந்துடுவாங்க லா. நீலம் போடுங்க. நம்பர் எதையும் மாத்தச் சொல்லலையே?" நியாயமாகத்தான் பட்டது. எண் மாறவில்லை, எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று ஓரத்தில் பொடி எழுத்தில் விளக்கமும் இருந்தது. மாற்றினேன்.

அந்த நிலத்தில் துளையிட்டு மண் எடுத்துக் கொடுத்தவர் எங்கள் முருகையா. புதுப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்கப் பொத்திக்கிட்டு எடுத்த மண்ணுங்க அது. உங்க படத்துல கடற்கரையாட்டம் குளுகுளுன்னு இருக்கே?"

ஏழாம் பாத்தி

அந்த மூலையில் எதையும் நடக்கூடாது என்று அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தேன். அறிக்கையை அலமாரியில் வைத்துவிட்டு, படத்தை மட்டும் புளோக்கின் கீழ்த்தளத்து வாய்ட் டெக் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள், பாத்தி எண்களோடு. பக்கத்தில் பெயர் எழுதும் தாள். அந்த மூலையில் விழுந்த ஏழாம் எண்ணுக்கு நேரே எழுதிக்கொண்டிருந்தார், மூன்றாம் மாடி பாக்கியம் அக்கா. மண் எடுக்கப் போனபோது எங்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தவர்.

"படம் போட்டது நீங்கதானே தம்பி? தண்ணி எங்க இருக்குன்னு நல்லா நீலமா காட்டியிருக்கீங்க, அதான் அங்கேயே கேட்டுட்டேன். மக முழுகாம இருக்கா, தினம் கீரை வேணும்ல?"

பேனா

சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த நீலத்தின் மேல் அழுத்திக் கோடு கோடாக இழுத்தேன். குறுக்கே 'நஞ்சு, நடக்கூடாது' என்று எழுதினேன். சேகரன் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி வழியிலேயே என் பக்கம் திரும்பிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் பெயரை நிதானமாக அடித்தார்.

"சிவப்புப் பேனா பையிலயேதான் இருந்திருக்கு. முதல்லயே போட்டிருக்கலாமே தம்பி?"

நஞ்சு மண்ணைக் கடக்க ஐந்து வருஷமா முப்பது வருஷமா என்று கணித்த எனக்கு, நான் கரைய ஒரு தே தாரிக் நேரம் போதும் என்பதுதான் கணக்கில் வரவில்லை.