சொல்பேச்சு கேளாத நாய்

அம்பிட்டியவில் மாமாவின் வீட்டைத் தேடி வந்தவர்கள் யாரும் மாமாவைப் பார்க்க வந்ததில்லை. அவருடைய டால்மேஷன் நாயைத்தான் பார்க்க வந்தார்கள். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள். அதன் பரம்பரையை எங்கள் பரம்பரையைவிடத் தெளிவாக மாமா சொல்வார்.

அது இரண்டாவது ஈற்றில் குட்டி போட்டிருந்தபோது பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். குட்டிகளில் ஒன்றுக்கு நீலக் கண். ஒருநாள் அத்தையின் கைதவறி, பெரிய சட்டி மூடி சீமெந்துத் தரையில் விழுந்தது. மற்றக் குட்டிகள் அலறி எழும்பின. நீலக்கண்ணன் மட்டும் நிம்மதியாகத் தூங்கினான்.

"எவ்வளவு தைரியம் பாருங்க மாமா!" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. மூடியை எடுத்து, தூங்கும் குட்டியின் தலைக்குப் பின்னால் தரையில் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

அன்றே குட்டியைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனோம். குட்டிக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்றார் அவர். இந்த இனத்தில் வருவதுதான், தாயை இனிமேல் குட்டி போட விட வேண்டாம் என்றும் சொன்னார். "போன தடவ போட்ட குட்டிங்க எப்படி?" என்று அவர் கேட்டதும் மாமாவின் முகம் மாறிவிட்டது.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. குட்டி என் மடியில் இருக்க, மாமா த்ரீவீலரை நேராகப் பல்லேகலைக்கு விடச் சொன்னார். முதல் ஈற்றுக் குட்டி ஒன்றை அங்கே ஒரு வீட்டுக்குக் கொடுத்திருந்தார். கூப்பிட்டால் வருவதில்லை என்று அவர்கள் ஃபோனில் குறைப்பட்டபோது, "செல்லம் குடுக்காதீங்க, ரெண்டு தட்டு தட்டுங்க" என்று சொன்னவரும் அவர்தான்.

வீட்டுக்காரர் சிரித்தபடியே வாசலுக்கு வந்தார். "நீங்க சொன்னபடிதான் செஞ்சோம். எவ்வளவு அடிச்சும் திருந்தலீங்க."

நாய் கொய்யா மரத்தடியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. மாமா கூப்பிட்டார். அது அசையவில்லை. கிட்டப் போய்த் தடவக் கையை நீட்டினார். கையைக் கண்டதும் அது தரையோடு ஒட்டிக்கொண்டு மூத்திரம் விட்டது.

"அதுக்குக் காது கேக்காதுங்க. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

வீட்டுக்காரரே நாயின் சங்கிலியை மரத்திலிருந்து அவிழ்த்து மாமாவிடம் கொடுத்தார்.

மாமா அதன்பின் தாய் நாய்க்குக் கருத்தடை செய்வித்தார். குட்டி கேட்டு வந்தவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னார். நீலக்கண்ணனை யாருக்கும் கொடுக்கவில்லை. அதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று த்ரீவீலரில் நாய் எங்கள் காலடியில் சுருண்டு கிடந்தது. அதைத் தொடப் பயந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிருடா... மன்னிச்சிருடா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் மாமா.

"அதுக்குத்தான் காது கேக்காதே மாமா," என்றேன்.

அவர் அதை மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.