போஸ்ட்மாஸ்டரும் மங்களம்மாவும் ஊர் தேடிய கிழமை

வீட்டுத் தரகு என்பது, வாங்க வருகிறவருக்கு என்ன வேண்டும் என்பதை அவருக்கு முன்பே கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை வெளியே சொல்லாமல் இருக்கிற தொழில். வெயிலில் ஆளையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசல் படலை படலையாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால் என் பாடு அவர்களுக்கு விளங்கும். மட்டக்களப்புக்கு ரயில் வந்த பிறகு, பென்சன் எடுத்தவர்கள் வாவிக் காற்றைத் தேடி வரத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் அமைதியான இடம் வேண்டும். நானோ காத்தான்குடிக்காரன், தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவன். அமைதியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் காட்டினேன். அப்படி வந்தவர்களில் ஒரு தம்பதியை மட்டும் இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன்.

ரயிலடியில்

சிற்றம்பலத்தார் யாழ்ப்பாணத்து மனிதர். மலைநாட்டில் முப்பது வருஷம் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மங்களம்மா. பிள்ளைகள் இல்லை. ஒரு பங்குனிக் காலை இரண்டு பேரும் ரயிலால் இறங்கினார்கள். போஸ்ட்மாஸ்டர் கையில் குடை, தோளில் மழைக்கோட்டு. வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இல்லை.

ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், இடம் சரிவராவிட்டால், யாழ்ப்பாணத்தில் தமையனார் வீட்டுப் பின்னறைக்குப் போய்விடுவதாக ஏற்பாடு என்றார். அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மங்களம்மாவின் முகம்தான் சுருங்கியது. வண்டியில் பெட்டிகளை ஏற்றும்போது என் பக்கம் வந்து மெல்லச் சொன்னார்: "முப்பது வருஷமா யன்னலுக்குள்ள இருந்து மழையைப் பார்த்திட்டன் தம்பி. வீடு பிறகு, முதல்ல எனக்கு வெளியைக் காட்டுங்கோ."

காற்றுப் புகாத வீடு

மங்களம்மா அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், நான் முதலில் காட்டியது புளியந்தீவில் ஒரு பெரிய கல்வீட்டை. தரகர்களுக்கு இந்த வியாதி உண்டு. கையில் நல்ல வீடு ஒன்று இருந்தால், கேட்டவர் காதுக்குள் என்ன சொன்னாலும் அதைத்தான் காட்டுவோம். தேக்குக் கதவு, ஆள் உயர மதில். போஸ்ட்மாஸ்டருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. சாய்மனைக் கதிரையில் சாய்ந்தும் பார்த்துவிட்டார்.

வீட்டுக்காரர் காணி உறுதி எழுதுகிற ஒரு பழைய நொத்தாரிஸ். யன்னல்களைச் சாத்திச் சாத்திக் காட்டினார். தெருப் புழுதி வராது, மாட்டுவண்டிச் சத்தம் கேட்காது என்று பெருமைப்பட்டார். "இந்த வீட்டுக்குள்ள காத்துக்கூட உத்தரவு கேட்டுத்தான் வரும்" என்றார். மங்களம்மா மதிலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நாங்களும் உத்தரவு கேட்டுத்தான் வெளிய போகவேணும்."

கதிரவெளியில் ஒரு பங்கு

பிறகுதான் மங்களம்மா கேட்ட வெளியைக் காட்ட வடக்கே கடற்கரைப் பக்கம் புறப்பட்டோம். வாழைச்சேனை மட்டுக்கும் ரயில், அதற்கு அங்கால் மாட்டுவண்டி. ஆறு குறுக்கிட்ட இடத்தில் வண்டியையே மிதவையில் ஏற்றிக் கடந்தோம். கதிரவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் இரண்டு ஆள் குறைவு. யாரோ போஸ்ட்மாஸ்டரைப் பார்த்து, "ஐயா, ஒரு கை குடுங்க" என்று பகிடிக்குக் கேட்டான்.

அவர் சப்பாத்தைக் கழற்றினார், குடையை என்னிடம் தந்தார், கயிற்றைப் பிடித்தார். முப்பது வருஷம் முத்திரை குத்திய கை! "ஏலேலோ" என்று அவர்கள் பாட, இவரும் தமக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றை அந்தத் தாளத்தில் பாடினார். வலை கரைக்கு வந்தபோது பாரைமீன்கள் வெள்ளியாகத் துடித்தன. மனிதர் மணலில் விழுந்து கிடந்து சிரித்தார். அவர் இப்படிச் சிரித்துத் தான் கண்டதில்லை என்று மங்களம்மா என்னிடம் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரி ஒரு நாள் தூரம். இந்த வயதில் அது சரிவராது என்று அவர்களே பேசி முடித்தார்கள். இங்கே வீடு ஏதும் விலைக்குக் கிடக்கிறதா என்று சும்மா கேட்டுவைத்தேன். வலைச் சொந்தக்காரர் என்னைப் பார்க்காமல் போஸ்ட்மாஸ்டரிடமே சொன்னார்: "வீடு என்னத்துக்கு ஐயா? நாளைக்கும் இழுக்க வாங்க, ஒரு பங்கு மீன் தாறம்."

பழுகாமத்துத் தோணி

அடுத்தது பழுகாமம். வாவியைத் தோணியில் கடந்தோம். அக்கரை வட்டையில் நெல் வெட்டி முடிந்து, வயல்வெளி முழுக்க வைக்கோல் வாசம். அந்த வாசம் எங்களுக்குத் தண்ணீரிலேயே வந்துவிட்டது. தோணிதான் கரைக்கு வரவில்லை. மண்திட்டில் ஏறி அசையாமல் நின்றது.

போஸ்ட்மாஸ்டர் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதலை இருக்குமா என்று இரண்டுதரம் கேட்டார். தோணிக்காரன் பதில் சொல்வதற்குள் மங்களம்மா சேலையை முழங்கால் மட்டும் உயர்த்திச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் ஆழம். சின்ன மீன்கள் காலைக் கொத்த, சின்னப் பிள்ளைபோலச் சத்தம் போட்டார். நானும் வெட்கப்பட்டு இறங்கப் போனேன். தோணிக்காரன் எங்கள் இருவரையும் கையமர்த்தினான்: "நீங்க ரெண்டு பேரும் இருந்துக்குங்க. தோணிய அம்மா தள்ளுவாங்க."

பொன்னம்மா யாரோடு பேசினார்

பழுகாமத்திலும் வீடு சரிவராமல், ஆறாம் நாள் கல்லடிக்கு வந்தோம். தென்னோலைக் கிடுகு வேய்ந்த சின்ன வீடு. முன்னால் தென்னைகள், பின்படலையைத் திறந்தால் வாவி. கடலும் நடை தூரம்தான். பாலத்தால் நடந்தால் பட்டினம். வீட்டுக்காரி பொன்னம்மா தங்கச்சியோடு போய் இருக்கப்போகிறவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். பொன்னம்மாவுக்கோ மூன்றும் ஆண்பிள்ளைகள். மூவரும் மனைவிமார் வீட்டில்.

போஸ்ட்மாஸ்டர் தொண்டையைச் செருமி விலை கேட்டார். பொன்னம்மா காதில் விழாததுபோல என் பக்கம் திரும்பினார். அவர் இன்னொருதரம் கேட்டார். "தம்பி, அவருக்குச் சொல்லுங்க" என்றார் பொன்னம்மா என்னிடம். "வீடு வாங்கிறது பொம்புள. அவ கேக்கட்டும்." பிறகு மங்களம்மாவின் கையைப் பிடித்தார். "உங்களுக்கு இது பிடிச்சிருக்கா புள்ள?"

புருஷனின் உத்தியோகத்தோடு அரசாங்கக் குவாட்டர்ஸ் குவாட்டர்ஸாக மாறிய மங்களம்மாவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. பின்படலையைத் திறந்துகொண்டு வாவிக் கரையோரமாக நடந்தார், நடந்தார், கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார். திரும்பி வர ஒரு மணித்தியாலம். வந்தவர் முகத்தைப் பார்த்த போஸ்ட்மாஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே தந்திக் கந்தோருக்குப் போனார். தமையனாருக்குத் தாங்கள் வரவில்லை என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். வீட்டு உறுதிப் பத்திரம் மங்களம்மா பேரில் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். போஸ்ட்மாஸ்டர் வெறும் மேலோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டு வாயெல்லாம் சிரிப்பாகப் படலையைத் திறந்தார்: "உள்ள வாரும் தம்பி. வீட்டுக்காரி உலாத்தப் போயிட்டா, நான் இஞ்ச ஒட்டிக்கொண்டு இருக்கிற ஆள்தான்."

வீடு பார்த்துத் தருகிறவன் என்று ஊர் என்னைச் சொல்லும், ஆனால் சனங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கண்டுபிடிக்கிற நேரத்தில் குறுக்கே நிற்காமல் விலகி நிற்பதற்குத்தான் இவ்வளவு காலமும் தரகு வாங்கியிருக்கிறேன்.