படத்தில் வராத சீன்

விக்டோரியா அக்காவுக்கும் சினிமாவுக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணம் ஆன புதிதில் புருஷன் அந்தோணி ஆசையாகக் கும்மிடிப்பூண்டி தியேட்டருக்குக் கூட்டிப் போனாராம். பெயர் போடும்போது மூடிய கண் இடைவேளை முறுக்குக்குத்தான் திறந்ததாம். அப்படிப்பட்டவர் ஒரு மிலிட்டரிப் படத்தை ஒரு நொடிகூடத் தூங்காமல் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. தேர்வாய் கண்டிகையில், கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்பு பிராக்கெட் செய்கிற ஒரு கம்பெனியில், பதினோரு வருஷம் பிரஸ் ஷாப்பில் இருந்தார். பதினோரு வருஷமும் காண்ட்ராக்ட்தான். நான் அவருக்கு ரொம்பப் பின்னால் வந்தவள், ஆனால் டிப்ளமோ படித்ததால் பெர்மனன்ட். இருவரும் ஒரே ஊர். எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர் அவருடைய அம்மா. ஊருக்குள் நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை, அப்பா காதில் விழுந்தால் ஆகாது. கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டால் அக்கா. இப்படி ஒரு கேவலமான கணக்கை நான் வெகுநாள் எந்த வெட்கமும் இல்லாமல் வைத்திருந்தேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். பிரஸ் மெஷினில் இரண்டு பச்சைப் பொத்தான்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு தகட்டின்மேல் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது. யாரோ நல்ல மனுஷன் யோசித்துச் செய்தது. ஆனால் அப்படிச் செய்தால் ஒரு ஷிஃப்ட்டுக்கு ஆயிரத்து எழுநூறு பீஸ்தான் வரும். கம்பெனி கேட்பது இரண்டாயிரத்து நானூறு. அதனால் இடது பொத்தானைப் பிரவுன் டேப்பால் அழுத்தி ஒட்டிவிடுவோம். வலது கை பொத்தானைத் தட்டும், இடது கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒட்டு என்று எந்த மேலதிகாரியும் சொன்னதில்லை. உரி என்றும் சொன்னதில்லை. ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் லைன் லீடர் தேசப்பன் விசில் அடிப்பார், எல்லா டேப்பும் உரிந்துவிடும். ஆடிட் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஏழாம் நம்பர் மெஷின் அக்காவுடையது, ஒன்பது என்னுடையது. நடுவில் எட்டுக்கு ஷைனி என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தியொரு வயது, மெலிந்த உடம்பு, இடதுகைப் பழக்கம். சொல்லிக்கொடுத்தபடியே இரண்டு பொத்தானையும் அழுத்தி வேலை செய்தாள். பத்து நாளில் எண்ணிக்கை தேறாதவர்களை அனுப்பிவிடுவது வழக்கம். எட்டாம் நாள் சாயங்காலம் தேசப்பன் அவளுடைய எண்ணிக்கை அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாளு பார்ப்போம்மா," என்று போனார். ஷைனி பாத்ரூமில் போய் அழுதாள். அவள் அப்பா படுத்த படுக்கை, இந்த வேலையை விட்டால் வேறு இல்லை.

மறுநாள் காலை பெல் அடிக்குமுன் அக்கா தன் டேப் ரோலை எடுத்துப் போனார். எட்டாம் நம்பரின் இடது பொத்தானில் இரண்டு சுற்று ஒட்டினார். "இனிமே பாரு, பறக்கும்," என்றார். ஷைனி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்தேன். நல்ல மனசு என்றுதான் நினைத்தேன். அன்று அவள் இரண்டாயிரத்து நூறு போட்டாள், பத்தாம் நாள் கணக்கும் தேறி வேலை தங்கியது.

டேப் ஒட்டிய நாலாம் நாள், டீக்கு முன்னால், தகடு கோணலாக மாட்டியது. இடது கையால் சரிசெய்யப் போனவளின் வலது கை பழக்கத்தில் பொத்தானைத் தட்டிவிட்டது. சிவப்புப் பொத்தானை அடித்து மெஷினை நிறுத்தியது அக்காதான். தன் துப்பட்டாவால் கையைச் சுற்றியதும் அவர்தான். இரண்டு விரல் போய்விட்டது.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது மேனேஜர் டேப்பைப் பார்த்துவிட்டு, "யார் ஒட்டினது இது?" என்று கத்தினார். உலகத்திலேயே முதல் தடவையாக டேப்பைப் பார்க்கிறவர் மாதிரி. ஷைனி கண்ணைத் திறந்து, "நான்தான் சார்," என்றாள்.

அக்கா அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் மெஷினிலும் டேப் இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போனார், ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. சர்ச் ஃபாதரிடம் தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டார். "ஃபாதர்கிட்ட சொல்றதுக்கு இன்னா கஷ்டம் காயத்ரி, அவரா என் வேலையத் தூக்கப் போறாரு? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். வாய் வரைக்கும் வந்து நின்னுடுது," என்றார் பஸ்ஸில். சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். "வுடுக்கா, ஆனது ஆச்சு," என்றேன்.

விபத்து நடந்த இருபத்திரண்டாம் நாள் பாதுகாப்பு வாரம் வந்தது. வழக்கமாக ஒரு உறுதிமொழி, ஒரு லட்டு, முடிந்தது. இந்த வருஷம் புதிதாக வந்த எச்.ஆர். சாருக்கு மூளை கொஞ்சம் அதிகமாக வேலை செய்தது. டிரெயினிங் ஹாலில் மிலிட்டரிப் படம் போடுவது, 'படத்தில் மறக்க முடியாத வீரமும் இரக்கமும்' என்ற தலைப்பில் தொழிலாளர்கள் இரண்டு நிமிஷம் பேசுவது, நன்றாகப் பேசியவருக்கு மூன்று லிட்டர் குக்கர். கடைசியில் ஷைனி மேடையேறி ஒரு தாளைப் படிக்க வேண்டும். 'என்னுடைய கவனக்குறைவால் நானே டேப் ஒட்டி இந்த விபத்தைத் தேடிக்கொண்டேன், நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள்.' படித்துக் கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை நடக்க இருந்த விபத்து விசாரணையை அதோடு முடித்து, பேக்கிங்கில் ஒரு வேலை தருவார்களாம். படிக்காவிட்டால் வேலையைப் பற்றி அப்புறம் பார்க்கலாமாம். இந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று கேண்டீன் பூனைக்குக்கூடத் தெரியும். ஷைனி கைக்கட்டோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஹிந்திப் படம், தமிழில் பேசியது. உதடு ஒரு பக்கம் போக வார்த்தை இன்னொரு பக்கம் போனது. பனிமலையில் ஒரு காவல் சாவடி, பதினெட்டு பேர், சுற்றிலும் எதிரி. ஒருவன் கூட்டாளிகளைக் காப்பாற்றக் கையெறி குண்டின்மேல் குப்புற விழுகிறான். லாரி டிரைவர் ஒருவன் குண்டு மழைக்கு நடுவே மூன்று முறை திரும்பிப் போய் மூன்று பேரைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். பிடிபட்ட எதிரிச் சிப்பாய்க்கு ஒருவன் தன் பாட்டிலில் கடைசியாக இருந்த தண்ணீரைக் கொடுத்து, அவன் சட்டைப்பையிலிருந்து விழுந்த குழந்தையின் போட்டோவைத் துடைத்துத் திருப்பித் தருகிறான். ஏசி குளிரில் பாதி ஹால் தூங்கியது. அக்கா தூங்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, எதையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மெயின்டனன்ஸ் அன்புராஜ் குண்டின்மேல் விழுந்தவனைப் பற்றிப் பேசினான். அவனே விழுந்த மாதிரி கத்தினான், நல்ல கைதட்டல். ஸ்டோர் ரம்யா போட்டோ சீனைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள், குக்கர் அவளுக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். "வேற யாராவது?" என்று எச்.ஆர். சார் கேட்டார். பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. அக்கா எழுந்து போனார்.

"எனக்கு மைக்ல பேசத் தெரியாது சார். படம் நல்லாத்தான் கீது. குண்டு மேல வுழுந்தான் பாரு, அவன் தைரியசாலிதான். தண்ணி குடுத்தான் பாரு, அவன் மனுசன். ஆனா அம்மாம் தைரியமும் எதிரிகிட்டதான். நம்ம கூட இருக்கறவனுக்கு நம்மளாலயே ஒண்ணு ஆயிட்சின்னா, அவன் முன்னாடி போய் நின்னு, நான்தான்டா அதுன்னு சொல்ற சீன் ஒண்ணு வரும் வரும்னு கடைசி வரைக்கும் பார்த்துக்கினே இருந்தேன். வரல. அது இல்லாம இன்னா படம்?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அக்கா அது அடங்கும்வரை நின்றார்.

"எட்டாம் நம்பர்ல டேப் ஒட்டுனது ஷைனி இல்ல. நான். வேலை போயிடப் போகுதேன்னு பாவப்பட்டு ஒட்டுனேன். அவ என் பேரைச் சொல்லல. நானும் சொல்லல."

எச்.ஆர். சார் பாய்ந்து வந்தார். "அது வேற சப்ஜெக்ட் அக்கா, ஆபீஸ்ல பேசிக்கலாம்," என்று மைக்கை அணைத்தார். பதினோரு வருஷம் பிரஸ் ஷாப்பில் பேசிப் பழகியவருக்கு மைக் எதற்கு? "அந்தப் பேப்பரை அவ படிக்கக் கூடாது சார்! அதுல கீறது பொய்!" என்றது கேண்டீன் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஷைனி எழுந்து அக்காவிடம் நடந்தாள். சினிமா பார்த்த சூட்டில் இருந்தோம் அல்லவா, கட்டிப் பிடித்து அழப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் கட்டிப் பிடிக்கவில்லை.

"இருபத்திரெண்டு நாளு ஆச்சுக்கா," என்றாள். "நாலு வாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்த. ஒவ்வொரு வாட்டியும் இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு உன் வாயையே பார்த்துக்கினு படுத்திருந்தேன். நீ ஆரஞ்சு உரிச்சுக்கினு இருந்த."

ஷைனி தாளை எச்.ஆர். சார் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். சாயங்காலம் குக்கர் ரம்யாவுக்கே போனது, லட்டும் கொடுத்தார்கள், நானும் தின்றேன்.

மறுநாள் காலை காண்ட்ராக்டர் அக்காவைக்கூடக் கூப்பிடவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அந்தோணியின் போனுக்கு அடித்து, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷத்துக்கு அரை நிமிஷம். சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போனேன், ஊருக்குள்ளேயே, அப்பா பார்க்கப் பார்க்க. அக்கா கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒரு மாசமா இன்னாடி ஆச்சு உனக்குன்னு கேட்டுக்கினே இருந்தேன்மா," என்றார் அந்தோணி. "வேலை போச்சு, இப்பத்தான் சோறு எறங்குது இவளுக்கு." அக்கா அதைக் கேட்காத மாதிரி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். இப்போது அவர் கும்மிடிப்பூண்டியில் ஊறுகாய் பாக்கெட் போடும் ஒரு யூனிட்டில் இருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார், பக்கத்தில் மேனேஜர். பக்கத்து மெஷின்காரி என்பதால் என்னையும் சாட்சியாக ஷைனிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். தேசப்பன் கதவருகே நின்றார்.

"டேப் ஒட்டினது யாரும்மா?" என்றார் வக்கீல்.

"விக்டோரியாக்கா."

"அப்ப சுலபம். அவங்க மேல ஒரு புகார் எழுதிக் குடுத்துடுங்க. உங்க பேர்ல தப்பு இல்லன்னு இன்னிக்கே முடிச்சுடலாம். வேலையும் இருக்கும்."

வக்கீல் பேனாவை நீட்டினார். ஷைனி வாங்கவில்லை. அக்கா மேல் அவளுக்கு இருந்த கோபத்தை நான் ஹாலில் பார்த்தவள். வாங்கியிருந்தால் குறையாக ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டேன்.

"நீங்க எழுதுங்க சார், எனக்குக் கை ஆவாது," என்றாள். "ஒட்டுனது அவங்கதான். ஒட்டலன்னா பத்தாம் நாளு நீங்க என்னை ஊட்டுக்கு அனுப்பியிருப்பீங்க. அதையும் அதுக்குக் கீழயே எழுதுங்க. ரெண்டும் இருந்தாத்தான் கையெழுத்து."

வக்கீல் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் இரண்டையும் எழுதினார்கள். ஷைனி பேரில் தப்பில்லை என்று அந்தத் தாளிலேயே முடிந்தது. பழக்கமில்லாத வலது கையால் எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வக்கீல் களைத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒன்பதாம் நம்பர். விக்டோரியா டேப் ஒட்டினதைப் பார்த்தீங்களா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

தேசப்பன் தொண்டையைச் செருமினார். வீட்டில் இரண்டு தங்கைகள், பெர்மனன்ட் வேலை, எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போனது.

"பார்த்தேன் சார். அவங்க ஒட்டும்போது என் மெஷின்லயும் டேப் இருந்துச்சு, அதை ஒட்டுனது நான்," என்றேன். "இன்னிக்குக் காலையிலயும் இருக்குது. பன்னெண்டு மெஷின்லயும் இருக்குது. வாங்க, காட்டறேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கூடவே எழுந்து வந்தார். அதற்குள் கதவருகே தேசப்பனைக் காணோம், ஷாப்பில் அவர் விசில் கேட்டது. நாங்கள் நுழையும்போது ஏழாம் நம்பரில் நின்ற புதுப்பெண் டேப்பில் கை வைத்தாள், எங்களைப் பார்த்தாள், உரிக்காமல் கையை எடுத்துவிட்டாள்.