சிமென்ட்டுக்குள் போன பாட்டில்கள்

கான்கிரீட் சோதனைக்கூடத்தில் எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது உடைப்பதற்கு. ஆனால் நாங்கள் உண்மையில் செய்கிற வேலை காத்திருப்பது. பரீட்சை ரிசல்ட், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் என்று எதற்காவது நகம் கடித்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள் என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. வளைகுடாவில், ஜெபல் அலியில், கான்கிரீட் கலந்து விற்கிற ஒரு ரெடிமிக்ஸ் கம்பெனியின் கண்ணாடிப் பிரிவில் கெமிஸ்ட். குப்பைக்குப் போகிற பாட்டில்களை மாவாக அரைத்து, கான்கிரீட்டில் சிமென்ட்டைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் இந்த மாவைச் சேர்ப்போம். போன வருஷம் மேனேஜர் எங்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். இந்தக் கலவைக்குக் கன்சல்டன்ட் ஒப்புதல் கொடுத்தால் பிரிவு இருக்கும். கொடுக்காவிட்டால் மூடிவிடுவார்கள், என் விசாவையும் புதுப்பிக்க மாட்டார்கள். கணவருக்கு அப்போது வேலை போய் ஆறு மாதம். அவரும் மகள் நிலாவும் என் விசாவில்தான் இருந்தார்கள். நிலா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற நேரம். அந்த வகுப்பில் பாதியில் பள்ளி மாறுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மினுங்காத மாவு

மில்லிலிருந்து தூள் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உள்ளே போகும்போது பச்சை, பழுப்பு, நீலம். வெளியே வரும்போது எல்லாம் ஒரே வெள்ளை, மைதா மாதிரி. எந்தப் பாட்டிலில் யார் எதைக் குடித்தார்கள், யார் வீட்டு மேசையில் நின்றது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்பேன். சாப்பாட்டு மணி அடித்ததுகூடப் பல நாள் காதில் விழுந்ததில்லை.

ராஸ் அல் கைமாவில் வில்லா கட்டுகிற ஒரு ஒப்பந்தக்காரர், திருநெல்வேலிப் பக்கம், சாம்பிள் பார்க்க வந்தார். கண்ணாடி என்றதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். குத்தாது என்று நானே விரலால் எடுத்துத் தேய்த்துக் காட்டினேன். பிறகு தைரியமாக ஒரு பிடி அள்ளிக்கொண்டு வெயிலுக்குப் போனார். இப்படிப் பிடித்தார், அப்படிப் பிடித்தார். முகம் வாடிவிட்டது.

"ஏம்மா, கண்ணாடின்னு பேரு வச்சிருக்கீய, கொஞ்சங்கூட மினுங்கலியே. வீட்டுக்காரரு எதப் பாத்து சந்தோசப்படுவாரு?"

அத்தர் நாள்

எங்களுக்குப் பாட்டில் கொண்டுவருபவர் காஜா பாய். கீழக்கரைக்காரர், வளைகுடாவுக்கு வந்து முப்பது வருஷம். பழைய பாட்டில்களுக்கென்று ஒரு யார்டு எடுத்து, நாலு ஆட்களை வைத்துப் பிரித்து, கழுவி, காயவைத்து அனுப்புவார். எங்கள் பிரிவு மூடினால் அவர் யார்டும் மூடவேண்டியதுதான். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

ஒருநாள் நான் யார்டுக்குப் போயிருந்தபோது அவர் லாரியில் வந்தது அத்தனையும் வாசனைத் திரவியக் கம்பெனி கழித்துக் கட்டிய பாட்டில்கள். மூடியோடு வந்தவற்றில் அடியில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. கழுவுவதற்காக உடைக்க ஆரம்பித்ததும் யார்டு முழுக்க அகிலும் ரோஜாவும் சந்தனமும். தெருவில் போன ஆட்கள் நின்றுவிட்டார்கள். எனக்கு ஏதோ கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற மயக்கம். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பூ வைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. காஜா பாய் சட்டையெல்லாம் அத்தர் தெறித்து, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"ரியாத்துல, பத்தா கடத்தெருவுல, நாலு வருசம் இந்த அத்தர வித்தேம்மா. அப்ப ஒரு சொட்டு எம்மேல பட்டதில்ல. இன்னைக்கித்தான் குளிச்சிருக்கேன்."

நோன்பு மாதத்துச் சர்பத்

ஒப்புதலுக்கான சோதனை இதுதான்: கண்ணாடி மாவு சேர்த்த கான்கிரீட்டைக் கனசதுர அச்சுகளில் ஊற்றி, மறுநாள் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் போடவேண்டும். ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள், ஐம்பத்தாறாம் நாள் சிலவற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கவேண்டும். நோன்பு மாதத்தில் முதல் செட் ஊற்றினோம். மறுநாள் அச்சைத் திறந்து கட்டைவிரலை வைத்தேன். விரல் உள்ளே போனது. அடுத்ததிலும் போனது. பன்னிரண்டு கட்டிகளும் அல்வா.

சிமென்ட்டுக்குச் சர்க்கரை ஆகவே ஆகாது. சிட்டிகை கலந்தாலும் இறுகாமல் அப்படியே கிடக்கும். மாவை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது சோதனைக்கூட விதி. வைத்துப் பார்த்தேன். இனிப்பு. நோன்பு திறக்கிற இஃப்தார் கூடாரங்களில் காலியான சர்பத் பாட்டில்கள், கழுவாமலே வந்திருக்கின்றன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே யார்டுக்குப் போய் வாய்க்கு வந்தபடி கேட்டேன். காஜா பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நாலு பேரும் நோன்பும்மா. தாகத்தோட இருக்கவன் கையில சர்பத்தக் குடுத்து, தண்ணிக்குள்ள நின்னு கழுவுன்னு எப்படிச் சொல்றது? கழுவ வேணாம்னு நாந்தான் சொன்னேன்."

உண்மையைச் சொன்ன நாள்

திட்டுவதற்கு எடுத்துப் போனதில் மிச்சமிருந்த வார்த்தைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். கன்சல்டன்ட் இன்ஜினியர் யோகராஜா சார் யாழ்ப்பாணத்துக்காரர், ஒப்புதலில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். "அச்சு சரியில்லை, தண்ணீர் கூடிவிட்டது என்று ஏதாவது எழுதுங்கள்" என்றார் மேனேஜர். எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. சர்பத் கதையை அப்படியே எழுதி, கழுவும் வேலையை இனி நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்வதாக காஜா பாய் ஒப்புக்கொண்டதையும் சேர்த்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யோகராஜா சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். எனக்கு விமான டிக்கெட்டும் அட்டைப்பெட்டிகளும் கண்முன் வந்து போயின.

"பிழையை ஒளிக்காமல் சொல்லிப்போட்டியள் பிள்ளை, அது நல்லது. இன்னொருக்கா ஊத்துங்கோ. ஆனா ரெண்டாந்தரமும் சர்பத் எண்டு வந்தால் நான் கேக்கமாட்டன்."

ஏழாம் நாள் மார்க்

இரண்டாவது செட் மறுநாளே நன்றாக இறுகியது. ஏழாம் நாள் நசுக்கினோம். வெறும் சிமென்ட்டில் செய்ததைவிடப் பலம் குறைவு. கண்ணாடி அப்படித்தான், முதலில் சும்மா கிடக்கும், மெதுவாகத்தான் சிமென்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன். இருபத்தெட்டாம் நாள் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தது. அந்தக் 'கிட்டத்தட்ட'வை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

மதியங்களில் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். வெளியே தார்ச்சாலை கொதிக்கும். உள்ளே தண்ணீர் அசையாமல் இருக்கும், அடியில் கட்டிகள் வரிசையாகத் தூங்கும். கடலுக்குள் ஒரு சின்ன ஊர் இருப்பதாகவும், அங்கே யாருக்கும் தேதி முடிகிற தாள் எதுவும் கிடையாது என்றும் நினைத்துக்கொள்வேன். அவசரமில்லை, மெதுவாக வளருங்கள் என்று அவற்றிடம் சொல்லியும் இருக்கிறேன். வீட்டில் இதைச் சொன்னபோது நிலா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அம்மா, நான் ஸ்லோன்னா டென்ஷன் ஆகற. உன் க்யூப் ஸ்லோன்னா மட்டும் கெமிஸ்ட்ரிங்கற. நாட் ஃபேர்."

ஐம்பத்தாறாம் நாள்

யோகராஜா சார் நேரில் வந்தார். காஜா பாய் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கதவோரம் நின்றார். மூன்று கட்டிகளில் முதலாவதைத் துடைத்து, நசுக்கும் மெஷினில் வைத்தேன். எண்கள் ஏறின. ஏழாம் நாள் நின்ற இடத்தைத் தாண்டின. இருபத்தெட்டாம் நாள் எண்ணையும் தாண்டின. தேவையான எண் வந்த பிறகும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போய், அப்புறம்தான் டப்பென்று உடைந்தது. நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி ஒரு துண்டு நின்றது. ஒழுங்காக உடைந்தால் அப்படித்தான் நிற்கும். மற்ற இரண்டும் அப்படியே. யோகராஜா சார் பேனாவை எடுத்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். சொல்ல வெட்கமில்லை.

திரும்பி வந்தபோது காஜா பாய் அந்த உடுக்கைத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இந்தக் கலவை எங்கே போகும் என்று கேட்டார். புஜைராவில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம், மண்ணுக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாது என்றேன். துண்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"தெரியலேன்னா என்னம்மா. நமக்கெல்லாம் என்னைக்காச்சும் ஒருநாள் கலாஸ், முடிஞ்சுது, போ ஊருக்குன்னுருவாங்க. இத யாரும் போகச் சொல்ல முடியாதுல்ல."

அந்த அஸ்திவாரம் ஐம்பது வருஷம் அசையாது என்கிற அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே பேனாவால் அடுத்த தாளில் என் விசாவை இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கவும் கையெழுத்துப் போட்டேன்.