தாய்மாமன் கேட்டால் தரப்படும்

எங்கள் அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. குடோனில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று கூடப்பிறந்த தம்பி கேட்டாலும், "என்னத்த அப்பு, ஏதோ ஓடுது" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. விலை ஏறும் என்று நினைக்கிறாரா, இறங்கும் என்று நினைக்கிறாரா என்பது அம்மாவுக்கே தெரியாது. அப்படிப்பட்டவருடைய கடையில் என் கல்லூரி வாழ்க்கை மட்டும் தினமும் பத்துப் பேர் முன்னால் உரக்க வாசிக்கப்பட்டது.

காரணம் இதுதான். நான் வகுப்புக்குப் போகாவிட்டால், தேர்வில் மார்க் குறைந்தால், நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால்கூட, கல்லூரியிலிருந்து அப்பாவின் போனுக்குச் செய்தி வந்துவிடும். அப்பா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர். போனைக் கணக்கரிடம் நீட்டுவார். கணக்கருக்குக் கோயில் மைக்கில் நன்கொடையாளர் பெயர் வாசித்துப் பழகிய குரல்.

"முதலாளி, பாப்பா இன்னிக்கி ரெண்டாவது பீரியடு வரலயாம்!"

எடை போடுகிறவர், லோடு இறக்குகிறவர்கள், சரக்கு கொண்டுவந்த தோட்டக்காரர்கள், ஜீப் டிரைவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுவிட்டு, ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பிறகு ஜீப்போடு செய்தியும் போடிமெட்டுக்கு ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு மலையாளத்து அக்கா செடிக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "மோளே, கெமிஸ்ட்ரில மார்க்கு கொறஞ்சு போச்சாமே? ட்யூசன் வச்சுக்கோ" என்றாள். அந்த மார்க் எனக்கே அதற்கு முந்தின நாள்தான் தெரியும்.

அப்பாவிடம் சண்டை போட்டேன். "நல்லாப் படிச்சா ஊரே சொல்லட்டும்ல? ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். மாட்டுச் சந்தையில்கூடத் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். ஒரு பெண்ணின் வேதியியல் மார்க்குக்கு அந்தத் துண்டுகூடக் கிடையாது. ஆனாலும் மார்க்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் ஒருநாள் ஆய்வகத்தில் எனக்கு வலிப்பு வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சில வருடம் மாத்திரை சாப்பிட வேண்டும், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மா காதில் விழுந்தது 'வலிப்பு' மட்டும்தான். ஊர் திரும்பும் பஸ்சிலேயே எனக்கு வந்தது டைபாய்டு என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். டைபாய்டு மரியாதையான வியாதி, அதனால் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் நின்றதில்லை. ராசிங்காபுரத்தில் இருக்கும் என் தாய்மாமாவுக்கும் அதையேதான் சொன்னாள். அவர் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, உரித்து உரித்து எனக்கு ஊட்டிவிட்டுப் போனார்.

லீவு அதிகமாகிவிட்டதால், தேர்வு எழுத மருத்துவச் சான்று தேவைப்பட்டது. டைபாய்டு என்று எழுதித் தரச் சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தாள், டாக்டர் மறுத்துவிட்டார். உண்மையான சான்றை நானே கொண்டுபோய்க் கல்லூரி அலுவலகக்காரரிடம் கொடுத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "எங்கிட்ட வந்த பேப்பரு இந்தப் பீரோவத் தாண்டாதும்மா" என்றார். அவர் சொன்னபடியே காகிதம் கடைசிவரை பீரோவைத் தாண்டவில்லை. போனில்தான் போனது.

அந்தச் சமயத்தில்தான் சிலமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. தென்னந்தோப்பு, கிணறு, பொறுப்பான பையன் என்றார்கள். எனக்கு எம்எஸ்சி படிக்க ஆசை. "நிச்சயம் முடியட்டும், பெறகு பாத்துக்கிரலாம்" என்றார் அப்பா. பெண் பார்க்க வருகிற அன்று அந்தப் பையனிடம் நானே வலிப்பைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. என் உடம்பு, என் செய்தி, அதை என் வாயால் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருந்தேன். அவன் வேண்டாம் என்று சொன்னால் சொல்லட்டும், ஆனால் நான் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

அவர்கள் வரவில்லை. தரகர்தான் வந்தார். "என்னத்தா, பொண்ணுக்கு வலிப்புன்னு சொல்லவே இல்லயே? காலேஜ்லயே சொல்லிட்டாகளாம்" என்றார் அம்மாவிடம். எனக்கு வலிப்பு வந்த அன்றுகூட உடம்பு அப்படி நடுங்கியதில்லை.

நடந்தது இதுதான். பெண்ணைப் பற்றி விசாரிக்க, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கல்லூரிக்குப் போன் போட்டு, "பொண்ணோட தாய்மாமா பேசுறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், அலுவலகக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். அப்பன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அத்தாட்சி கேட்டிருப்பார். தாய்மாமனிடம் கேட்க முடியுமா? எங்கள் பக்கம் மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள், மாமன் சீர் வந்து இறங்காமல் பந்தி தொடங்காது. மார்க், வருகைப் பதிவு, லீவு, லீவுக்குக் காரணம், மாத்திரை எத்தனை வேளை என்பதுவரை வாசித்துக் காட்டிவிட்டு, "வேற ஏதும் வேணுமாண்ணே?" என்றும் கேட்டிருக்கிறார்.

வேறொருவர் தாய்மாமா என்று பேசிய செய்தி மட்டும் ராசிங்காபுரம் போனது. என் சொந்தத் தாய்மாமா பைக்கில் பறந்து வந்தார். எனக்காகத்தான் கொதிக்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். "நான் உசுரோட இருக்கும்போது எம் மருமகளுக்கு இன்னொருத்தன் தாய்மாமனா?" என்றார். அவருடைய பதவியை ஒருவன் பறித்துக்கொண்டான் என்பதுதான் வழக்கு. என்னையும் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனார்.

முதல்வர் நல்ல மனிதர். எழுந்து நின்று மாமாவுக்கு வணக்கம் வைத்து, காபி வரவழைத்து, மன்னிப்புக் கேட்டார். மாமாவிடம்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாமா காபியைக் குடித்துவிட்டு, "அவன்கிட்ட என்னென்ன சொன்னீகளோ, அதப்பூராம் எனக்கும் சொல்லணும். உரிமைக்காரன் நானு" என்றார். நியாயம்தானே என்று என் ஃபைலை எடுத்து அவருக்கும் வாசித்தார்கள். டைபாய்டு இல்லை என்பது மாமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பக்கம் மெல்லத் திரும்பி, "அப்ப நான் வாங்கிட்டு வந்த ஆரஞ்சு?" என்றார். அதோடு அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றது.

நான் முதல்வரிடம், "சார், இனிமே என் விவரத்தை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எழுதித் தர்றேன்" என்றேன்.

"தாராளமா எழுதிக் குடும்மா. அப்பாட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துரு."

"அப்பாவுக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் சார் எழுதப் போறேன்."

"அதுக்கும் அப்பா சம்மதம் வேணும்லம்மா?" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அந்தச் சித்திரையில்தான் நான் ஓட்டுப் போட்டிருந்தேன். நாட்டை யார் ஆள வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். என் லீவு லெட்டரை யார் படிக்க வேண்டும் என்று கேட்க ஆளில்லை.

ஆனால் கல்லூரி சும்மா இருக்கவில்லை, சீர்திருத்தம் செய்தது. இனி தாய்மாமன் என்று பேசுகிறவர்கள் ஆதார் நகலுடன் நேரில் வந்தால்தான் விவரம் தரப்படும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி ஒருவரின் வலிப்பு நோய் குறித்த தகவல் வெளியானதை முன்னிட்டு' என்று அது தொடங்கியது. எங்கள் வகுப்பில் நீண்ட லீவு எடுத்தவள் நான் ஒருத்திதான். அதை அறிவிப்புப் பலகையோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, எல்லாப் பெற்றோர் போனுக்கும் அனுப்பினார்கள். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நேரத்தில் அது கடைக்கு வந்தது. கணக்கர் வழக்கம்போல் உரக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் அவர் குரல் இறங்கியது. அந்தக் குரல் இறங்கி அன்றுதான் கேட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூட்டைகளைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஊருக்கே தெரிஞ்ச சரக்க வச்சுக்கிட்டு என்னத்தப் பேரம் பேச? படிக்கப் போகட்டும்" என்றார். எம்எஸ்சிக்கு எனக்குக் கிடைத்த அனுமதி அதுதான். சந்தோஷமாகவும் இருந்தது, செருப்பால் அடித்தது போலவும் இருந்தது.

கோயம்புத்தூரில் சேர்ந்தேன். சேருகிற அன்றே ஒரு தாளை நீட்டி, உங்கள் விவரங்களை யார் யாருக்குச் சொல்லலாம் என்று கேட்டார்கள். என்னைத்தான் கேட்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். 'யாருக்கும் இல்லை' என்று எழுதினேன். பேனா அழுந்திக் காகிதம் கிழியப் பார்த்தது.

முதல் பருவத் தேர்வு முடிவு வந்ததும், அப்பா அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கே எடுத்த பெண், "மாணவியோட சம்மதம் இல்லாமச் சொல்றதுக்கில்லைங்க" என்றாளாம். "பெத்தவன்மா நானு!" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "தெரியுதுங்க ஐயா. அவங்களையே கேளுங்க." அப்பா விடுவாரா? போனைக் கணக்கரிடம் கொடுத்து, தாய்மாமா பேசுவதாகச் சொல்ல வைத்திருக்கிறார். கொங்கு நாட்டில் அது செல்லவில்லை.

அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது. "எம் மகளோட மார்க்க எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறாக! என்ன காலேஜு இது? பணங்கட்டுறவன் நானா, நீயா?" என்று கத்தினார். கத்தி முடித்து மூச்சு வாங்கினார். கடைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, போனோடு தெருவுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது.

"சரி... நீயே சொல்லு. எப்படி இருக்க?"

மூன்று வருடம் என்னைப் பற்றி அவருக்கு வராத செய்தி இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. ஒரு பேப்பரில் பெயிலாகிவிட்டேன் என்று சொன்னேன். மாத்திரை போட்டால் காலை வகுப்பில் தூக்கமாக வருகிறது என்று சொன்னேன். போன மாதம் விடுதியில் மறுபடி வலிப்பு வந்தது, அறைத்தோழிதான் பிடித்துக்கொண்டாள், அம்மாவுக்குச் சொல்லவில்லை, பயமாக இருக்கிறதுப்பா என்று சொன்னேன். விடுதி வராந்தா என்பதுகூட மறந்து, அழுகையில் என் குரல் ஏறிக்கொண்டே போனது.

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மெல்லச் சொல்லுத்தா. பக்கத்துல யாரும் கேட்டுறப் போறாக."