கடுக்காய் மணக்கும் தளம்

நாட்டு மருந்துக் கடையில் யாரோ கடுக்காய் இடித்தார்கள். அந்தத் துவர்ப்பு வாடையில் ஆம்பூரில் எங்கள் பழைய வீட்டுத் தளம் நினைவுக்கு வந்தது.

ஓலைக்கூரையைப் பிரித்துவிட்டு, உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பும் ஜல்லியும் பரப்பி, அது இறுக வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடி, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்டிக்கொண்டே போவார்கள். அந்தச் சத்தம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல நாள் முழுக்க ஒரே சீராகக் கேட்கும். தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த அப்பா, எங்கள் தளத்துக்குக் கடுக்காயைத் தனியாக வாங்குவானேன் என்று, அங்கே கடுக்காய் போட்டுத் தோல் ஊறவைத்த தொட்டித் தண்ணீரையே பீப்பாயில் நிரப்பி மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஊற்றிவிட்டார்.

அம்மாவுக்கோ டேனரி வாடையே ஆகாது. அப்பா தினமும் கிணற்றடியில் சீயக்காய் தேய்த்துக் குளித்த பிறகுதான் வாசற்படி ஏறலாம்.

முதல் மழையில் தளம் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் வீடு முழுக்கத் தோல் வாடை இறங்கியது. வேலை முடிந்து வந்து, கொட்டும் மழையில் கிணற்றடியில் சீயக்காயோடு நின்ற அப்பாவை அம்மா கதவோரம் வந்து பார்த்தாள். பிறகு அண்ணாந்து தளத்தைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அங்க நிக்கிறீங்க, உள்ள வாங்க. உங்களுக்கு முன்னாடியே உங்க டேனரி வந்து குந்திக்கினு இருக்குது."