அக்கரையில் நின்ற வரிசை: கொட்டகுடி ஆற்றோரம் ஒரு ஓட்டுப்பெட்டியோடு

குரங்கணிக்கு எப்படிப் போவது என்று கேட்டு உங்களில் பலர் எழுதுகிறீர்கள். அநேகமாக எல்லோருக்கும் மலையேற்றம்தான் நோக்கம். நான் முதல்முறை அந்தப் பக்கம் போனது மலை பார்க்க இல்லை. எண்பதுகளின் நடுவில், பல வருடம் நடக்காமல் கிடந்த ஊராட்சித் தேர்தல் ஒருவழியாக நடந்தபோது, ஓட்டுப்பெட்டியோடு போனேன். அப்போது தேனிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வாத்தியார் வேலை. கல்யாணம் ஆகாதவன், நடக்கத் தெம்புள்ளவன் என்பதால் ஆற்றோரத்துக் கடைசிச் சாவடியை என் தலையில் கட்டினார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

தேனியிலிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறும்போது ஊர் வாசனை, இறங்கும்போது ஏலக்காய் வாசனை. ஒன்றிய அலுவலகத்தில் பெட்டி, மை, முத்திரை, வாக்குச்சீட்டுக் கட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஜீப்பில் கிளம்பினோம். எங்கள் குழுவுக்குத் தலைமை அதிகாரி பெருமாள்சாமி சார், போடியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். கூட ஒரு போலீஸ்காரர். குரங்கணி வரைக்கும் பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் அன்றைய ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கப்புறம் பெட்டி குதிரை மேல், நாங்கள் காலால். ஆற்றை ஒட்டியே ஐந்தாறு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை.

வைகையில் போய்ச் சேருகிற ஆறு என்று நம்ப முடியாது. அவ்வளவு ஒல்லியாக, பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு கிடந்தது. ஊர் இக்கரையில். அக்கரையில் காடு, அதற்கு மேலே ஏலத்தோட்டங்கள். ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் தோட்டத்தில் காய் எடுக்கிறவர்கள். திங்கட்கிழமை மேலே ஏறினால் சனிக்கிழமை இறங்குவார்கள். ஆற்றைக் கடக்க வரிசையாகக் கிடந்த கற்கள்தான் வழி. அந்தத் தேர்தலில் பேச்செல்லாம் அந்தக் கற்களைப் பற்றித்தான்.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர். ஒருவர் தங்கவேலு, ஐம்பத்தைந்து வயதிருக்கும்; முன்பு பல வருடம் தலைவராக இருந்தவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். பாலம் மட்டும் போடவில்லை. இன்னொருவர் முருகேசன், போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிற இளைஞர். "நான் வந்தா மொத சோலி பாலந்தான்" என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார். தோட்டத்துக்குப் போகிற பெண்களின் ஓட்டு முழுக்க அவருக்குத்தான் என்பது ஊரறிந்த விஷயம்.

சாப்பாட்டுக்கு இருவருமே கூப்பிட்டார்கள். பெருமாள்சாமி சார் இரண்டு இடத்திலும் கை நனைக்கவில்லை. சத்துணவுக்கூடத்து ஆயா ஆக்கிப்போட்ட சோற்றையும் சுண்டைக்காய்க் குழம்பையும் தின்றுவிட்டு, சாவடியான பள்ளிக்கூடத்திலேயே படுத்தோம்.

மறுநாள் காலையிலிருந்து ஓட்டு மெதுவாக நடந்தது. மத்தியானத்துக்கு மேல் மலை உச்சியில் மேகம் கறுத்தது. பருவம் தப்பிய மழை. ஊரில் நாலு தூறல்கூட விழவில்லை, ஆனால் நாலு மணிக்கு ஆறு செம்மண் நிறத்தில் இறங்கி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கற்கள் ஒவ்வொன்றாக முழுகின.

ஐந்து மணிக்கு ஓட்டு முடிய வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அக்கரையிலிருந்து சத்தம் கேட்டது. தோட்டத்துப் பெண்கள். கங்காணி தாமதமாகத்தான் விட்டிருக்கிறார். ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்து, ஆற்றைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். முன்னால் நின்றவர் பேச்சியம்மாள், தங்கவேலுவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கப் போனார். பெருமாள்சாமி சார் அவரைப் பிடித்து நிறுத்தினார். "எறங்காதய்யா. தண்ணி வடியட்டும்."

"வடியிறதுக்குள்ள மணி ஆயிருமே சார்!"

விதி ஒன்று உண்டு. முடிகிற நேரத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு எண் போட்ட சீட்டுக் கொடுத்துவிட்டால், எவ்வளவு நேரமானாலும் அவர்கள் ஓட்டுப் போடலாம். சாவடி வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். சார் வாசலையும் அக்கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தக் கரையும் இந்த ஊராட்சிதான். அங்க நிக்கிறதையும் வரிசைன்னு நான் எடுத்துக்கிறேன். ஆனா நாளைக்கு யாரும் தகராறு பண்ணக் கூடாது. ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் சீட்டு."

முருகேசன் உடனே தலையாட்டினார்; விஷயத்தை அக்கரைக்கும் கத்திச் சொன்னார். எல்லோரும் தங்கவேலுவைப் பார்த்தோம். அவர் ஒரு வார்த்தை முடியாது என்றால் போதும், தலைவர் நாற்காலி அவருக்குத்தான். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அக்கரையிலிருந்து பேச்சியம்மாள் கத்தினார்: "தங்கவேலண்ணே! மாட்டேன்னு சொல்றதா இருந்தா சத்தமாச் சொல்லுங்க! இங்கன ஒண்ணும் கேக்கல!"

இரண்டு கரையும் சிரித்தது. தங்கவேலுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "குடுங்க சார் சீட்ட" என்றார்.

நான் அவசரமாக எண் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, உள்ளே ஒரு கல்லும் வைத்துக் கொடுத்தேன். முருகேசன் வீசிய வீச்சில் அது அக்கரைப் புதரில் போய் விழுந்தது. பேச்சியம்மாள் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அதே மாதிரி ஒரு வடக்கயிற்றின் நுனியும் போயிற்று. அவர்கள் அங்கே ஒரு மருத மரத்தில் கட்டினார்கள்.

மலைத்தண்ணீர் வருகிற வேகத்தில் வடியும் என்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் இடுப்பளவுக்கு இறங்கியது. கயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொருவராக வந்தார்கள். நடு ஆற்றில் தங்கவேலுவும் முருகேசனும் நின்று கைமாற்றி விட்டார்கள். "வெரசா வா ஆத்தா, கீழ பாக்காத" என்று தங்கவேலு சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக வந்தவர்களில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கால் வழுக்கியது. கயிறு கையைவிட்டுப் போனது. தங்கவேலு கயிற்றை விட்டுவிட்டு அவள் மேல் பாய்ந்தார். இரண்டு தலையும் தண்ணீருக்குள் போயின. கொஞ்சம் கீழே ஒரு பாறையில் தங்கவேலுவின் தோள்பட்டை போய் மோதியது. ஒரு கையால் பாறையையும் மறு கையால் அவள் முழங்கையையும் பிடித்திருந்தார். முருகேசன் நீந்திப்போய் இருவரையும் கரைக்கு இழுத்து வந்தார்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஓட்டு மறுபடி தொடங்கியது. அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே வந்து விரலை நீட்டினாள். ஈரத்தில் மை ஒட்டவில்லை. என் துண்டால் துடைத்துவிட்டு இரண்டாம் முறை வைத்தேன். அவள் மறைப்புக்குள் போய் முத்திரை குத்திவிட்டு வந்து சீட்டைப் பெட்டியில் போட்டாள்.

மறுநாள் போடியில் ஓட்டு எண்ணினார்கள். முருகேசன் ஜெயித்தார். வித்தியாசம் ஆற்றைக் கடந்து வந்தவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு. தோள்பட்டையில் பத்துப் போட்டபடி வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்த தங்கவேலுவிடம் போய், "வருத்தமாண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்காதா பின்னே? ராத்திரி கண்ண மூடல. ஆனா முடியாதுன்னு சொல்லியிருந்தா பேச்சியம்மா மொகத்துல எப்படி சார் முழிக்கிறது? காலையில கதவத் தொறந்தா அவதான் நிப்பா." டீயைக் குடித்துவிட்டு, "பாலம் போடாத கோவம், வாஸ்தவமான கோவந்தான்" என்றார்.

நீங்கள் போவதாக இருந்தால்: போடியிலிருந்து குரங்கணிக்குப் பஸ் குறைவு, நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம். வெயில் அடிக்கிறதே என்று ஆற்றில் இறங்காதீர்கள். உச்சியில் மேகம் இருந்தால் கரையோடு நில்லுங்கள். சாப்பாட்டைப் போடியிலேயே முடித்துவிடுவது நல்லது.

இரண்டு மூன்று வருடம் கழித்து நான் மனைவியோடு மறுபடி போனபோது பாலமும், ஊர்வரை வண்டி வருகிற ரோடும் வந்திருந்தன. இக்கரையில் பாலத்துக்கு வேண்டிய இடத்தைத் தங்கவேலுதான் கொடுத்திருக்கிறார், அதுவும் சும்மா. ஆனால் அதில் நின்ற இரண்டு இலவ மரத்தை வெட்டக் கூடாது என்று முருகேசனோடு மாதக்கணக்கில் சண்டை. இருவருமே விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை. கடைசியில் பாலத்திலிருந்து இறங்குகிற பாதையை வளைத்துத்தான் போட்டார்கள். புதிதாக வண்டி ஓட்டி வருகிறவர்கள் அங்கே பிரேக்கை மிதித்து, யார் போட்ட ரோடு இது என்று திட்டுவார்கள். நீங்கள் திட்டாதீர்கள், மெதுவாகத் திரும்புங்கள்.